கியூவுக்கு எந்த மரம்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஒன்ராறியோவில் என் வீட்டுக் கொட்டகையில் 20 ஆண்டுகளாக பூல் கியூ, அதாவது மேசைப் பந்தாட்டத்தில் பந்தை அடிக்கும் கோல், கடைந்து வருகிறேன். ஒரு வாரமாகச் சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும்தான்.

கோவை: கியூ செய்ய மிகச் சிறந்த மரம் எது?

கியூவுக்கு இரண்டு பாதிகள். பந்தைத் தொடும் மெல்லிய பாதி ஷாஃப்ட், கையில் பிடிக்கும் தடித்த பாதி பட். இரண்டுக்கும் வேலை வேறு, மரமும் வேறு.

ஷாஃப்டுக்கு வட அமெரிக்காவின் ஹார்ட் மேப்பிள். பாகு எடுக்கிறார்களே, அதே சர்க்கரை மேப்பிள் மரம்தான். அதன் துளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியவை. அதனால் விரல்களுக்கு இடையே வழுக்கிக்கொண்டு ஓடும். முனையில் 13 மில்லிமீட்டருக்கு இழைத்த பிறகும் அடியைத் தாங்கும், வளைந்தால் திரும்பி நிமிரும்.

ஆனால் மேப்பிள் என்ற பெயரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். போன மாதம் வந்த ஒரு கட்டு உருளைக் கட்டைகளில் பாதிக்கு மேல் ஒதுக்கிவிட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் கட்டையைக் கிடையாகப் பிடித்து மெல்ல உருட்டுவேன். ரேகைகள் ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனை வரை போய்ச் சேர வேண்டும். நடுவழியில் ஒரு கோடு பக்கவாட்டில் நழுவி வெளியேறினால், அந்தக் கட்டை என்றைக்காவது அந்த இடத்தில்தான் கோணும். பிறகு ஒரு முனையை விரல் நுனியில் தொங்கவிட்டு நடுவில் தட்டுவேன். நல்ல கட்டை கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் ஈரமோ உள்வெடிப்போ இருக்கிறதென்று சந்தேகப்படுவேன்.

அதற்குப் பிறகு பொறுமை வேண்டும். 25 மில்லிமீட்டர் கட்டையை ஒரே நாளில் 13-க்குக் கடையக் கூடாது. லேத்தில் ஒரு மில்லிமீட்டரோ இன்னும் குறைவாகவோ எடுத்துவிட்டு, சில வாரங்கள் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு கடைசலிலும் மரத்துக்குள் அடங்கியிருந்த இழுவிசை கொஞ்சம் அவிழும், கட்டை கொஞ்சம் அசையும். அசைய வேண்டியதெல்லாம் அசைந்து முடியட்டும். எனக்கு ஒரு ஷாஃப்டுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகிறது. மரத்தின் பெயரைவிட அதன் ஈரத்தைக் கேளுங்கள்: 6 முதல் 8 சதவீதம்.

சிங்கப்பூர்: வைரம் பாய்ந்த மேப்பிளாகத் தேடுகிறேன். எங்கே கிடைக்கும்?

தேட வேண்டாம். நம் ஊரில் வைரம் பாய்ந்த கட்டைதான் உசத்தி. வாசற்காலுக்கும் தூணுக்கும் அது சரி. மேப்பிளில் வைரப்பகுதி பழுப்பாக இருக்கும். ஷாஃப்டுக்கு எடுப்பது அதைச் சுற்றியுள்ள வெண்மையான வெளிறு. வெளிறு என்றாலே மட்டம் என்ற எண்ணத்தை இந்த ஒரு மரத்துக்காக விட்டுவிடுங்கள்.

மதுரை: வீட்டில் பழைய தேக்குச் சட்டம் இருக்கிறது. ஆகுமா?

பட்டுக்கு ஆகும், ஷாஃப்டுக்கு ஆகாது. தேக்கில் சிலிக்கா உண்டு, உளியின் கூர் சீக்கிரம் மழுங்கும். எண்ணெய்ப் பசையும் உண்டு. பசை போடுமுன் அசிட்டோனால் துடையுங்கள்.

யாழ்ப்பாணம்: தாத்தா வீட்டில் கருங்காலிக் கட்டை ஒன்று கிடக்கிறது. அதிலேயே முழு பட்டும் செய்ய ஆசை.

முதலில் அது எந்தக் கருங்காலி என்று பாருங்கள். இலங்கையில் புகழ்பெற்ற எபனி, உள்ளே கன்னங்கரேலென்று இருக்கும். தமிழ்நாட்டில் வேலமர இனத்தைச் சேர்ந்த ஒன்றையும் கருங்காலி என்கிறார்கள். அதன் வைரம் செம்பழுப்பு. இரண்டும் உறவே இல்லாத மரங்கள். எபனி என்றால், பழைய வீட்டுக் கட்டையானாலும் வனத்துறையிடம் கேட்டுவிட்டே கைவையுங்கள்.

செய்யலாம் என்றால் ஒரு யோசனை. எபனி ஏறக்குறைய தண்ணீரின் எடை உள்ள மரம். முழு பட்டும் அதிலேயே கடைந்தால் பின்கை கனத்துவிடும். விளையாட்டுக்கு ஏற்ற மொத்த எடை 18 முதல் 21 அவுன்ஸ், அதாவது 510 முதல் 595 கிராம். ஆகவே நடுவில் நெடுகத் துளைத்து, காய்ந்த மேப்பிள் தண்டு ஒன்றை உள்ளே ஒட்டுங்கள். எடை குறையும், எபனி கோணினாலும் நடுத்தண்டு பிடித்துக்கொள்ளும். அவசரமாகக் காய வைத்தால் எபனி வெடிக்கும். இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் வையுங்கள்.

மொன்றியல்: கொக்கோபோலோ மரத்தில் பட் உள்ள கியூவின் அடியே தனி. மேப்பிள் பட்டில் அந்த உயிர் இல்லை. ஏற்றுக்கொள்கிறீர்களா?

பாதி ஏற்கிறேன். ஷாஃப்டின் நுனியில் ஒட்டியிருக்கும் டிப் பந்தைத் தொடும் நேரம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி. பக்கச் சுழற்சி கொடுக்கும்போது வெள்ளைப் பந்து நேர்க்கோட்டிலிருந்து விலகுகிறதல்லவா? அந்த விலகலை முடிவுசெய்வது ஷாஃப்டின் முன்முனை 15, 20 சென்டிமீட்டரின் எடை. பக்கவாட்டு அசைவு அதற்குமேல் பரவுமுன் பந்து போய்விடுகிறது. 1990-களில் பிரிடேட்டர் என்ற கியூ நிறுவனம் ஷாஃப்டின் முனையைத் துளைத்து எடையைக் குறைத்தது இதனால்தான். பட் என்ன மரம் என்பது அந்தக் கணக்கில் வரவே வராது.

மொன்றியல், மீண்டும்: 15 ஆண்டுகளாக ஆடுகிறேன். என் கை பொய் சொல்லாது.

உங்கள் கை பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. பந்து போன பிறகு கியூ அதிர்கிறது; அந்த அதிர்வும் ஒலியும் மரத்துக்கு மரம் மாறும். உங்கள் கை உணர்வது அதைத்தான். எடை எங்கே குவிகிறது என்பதும் மாறும்.

டொராண்டோ: நான் அவர் பக்கம். பழைய மேதைகள் அரிய மரங்களைத் தேடியது சும்மாவா?

கியூ செய்தவர்களில் ஜார்ஜ் பலபுஷ்காவைப் பாருங்கள். 1975-இல் மறைந்த அவரது கியூக்களுக்கு இன்றும் பெரும் விலை. அவர் பல கியூக்களுக்குப் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் கியூக்களின் அடிப்பாகத்தையே எடுத்துக்கொண்டார். பட்டின் முன்பாகம் பெரும்பாலும் மேப்பிள்தான். அரிய மரம் கண்ணுக்கு விருந்து, அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஒரே எடையில், ஒரே இணைப்புத் திருகில், ஒரே ஷாஃப்டை இரண்டு பட்டுகளில் மாற்றி மாட்டி, நண்பர்களின் கண்ணைக் கட்டி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒருவராலும் மரத்தின் பெயரைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் இருவரும் வாருங்கள், உங்களுக்கும் செய்து காட்டுகிறேன்.

கொக்கோபோலோ என்றதும் ஒரு எச்சரிக்கை. அதன் தூள் பலருக்கு ஒவ்வாது. முகமூடி இல்லாமல் ஒரு மாலை கடைந்தேன். மறுநாள் காலையில் கண்ணிமைகள் வீங்கித் திறக்கவே முடியவில்லை. முகமூடி, கண்ணாடி, தூசி உறிஞ்சி இல்லாமல் இந்த மரத்தின் அருகே போகாதீர்கள்.

சென்னை: சிறந்த மரம் எது, ஒரே வரியில்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கொழும்பு: பெஸ்ட் மரம் சொல்லுங்கள் அண்ணா.

முதல் பதில், தம்பி. முக்கியமாக அதன் கடைசிப் பத்தி.

பெங்களூரு: ஈட்டி மரத்தில் பட் செய்து வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பலாமா?

மரம் அருமையானது. ஆனால் ஈட்டியும் கொக்கோபோலோவும் டால்பெர்ஜியா பேரினம். 2017 ஜனவரி முதல் அந்த இனங்கள் அனைத்தும் அழிந்துவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992 முதலே மிகக் கடுமையான தடை. தாள்கள் இல்லாத பொட்டலம் சுங்கத்தில் நின்றுவிடலாம்.

திருப்பதி: செம்மரம்?

வேண்டாம். வனத்துறையின் முத்திரை இல்லாத செம்மரத் துண்டு எதையும் தொடாதீர்கள்.

ஊட்டி: ஸ்னூக்கருக்கும் மேப்பிளா?

பலர் ஆஷ் மரத்தைத்தான் விரும்புகிறார்கள். அதன் ரேகைகள் அம்புமுனை போல அடுக்கடுக்காக வரும்; குனிந்து குறிபார்க்கும்போது அந்த அம்புகள் மேலே இருக்கும்படி பிடிப்பார்கள். முனை 9, 10 மில்லிமீட்டர்தான். ஆஷின் துளைகள் பெரியவை, அதனால் வழவழப்பாக்க மெனக்கெட வேண்டும். 1875-இல் ஜபல்பூரில் பிறந்த ஆட்டத்துக்கு 1882-இல் விதிகள் எழுதி மாட்டப்பட்டது உங்கள் ஊர் கிளப்பில்தான். அந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

திருச்சி: ஷாஃப்ட் வளைந்துவிட்டது. அடுப்பில் காட்டி நிமிர்த்தலாமா?

கூடாது. நிமிர்ந்தது போல் தெரியும், அடுத்த மழைக்காலத்தில் திரும்ப வளையும். வெயிலில் நிற்கும் காரில் கியூவை விட்டுவைத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

பெனாங்: கையில் பணம் குறைவு. முதல் கியூ செய்ய எங்கே தொடங்குவது?

விலையுயர்ந்த மரம் எதையும் வாங்காதீர்கள். ரேகை நேராக ஓடும் மேப்பிள் உருளைக் கட்டைகள் மூன்று வாங்குங்கள். ஒன்று கோணும், ஒன்று வெட்டும்போது பாழாகும், ஒன்று தேறும். உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஆகவே குளிர்சாதனம் ஓடும் அறையில் முனையில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். தொங்கவிடும் நாளில் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடையைப் பென்சிலால் கட்டையிலேயே எழுதுங்கள். வாரம் ஒருமுறை திரும்ப நிறுங்கள். எடை குறைவது நின்ற பிறகு எழுதுங்கள், முதல் கடைசலைப் பற்றிப் பேசுவோம்.