சில சோள ரகங்களை மட்டும் வெட்டுக்கிளி ஏன் விரும்பித் தின்கிறது?

வெட்டுக்கிளி தயங்காமல் தொடர்ந்து மேயும் ரகத்தையே எளிதில் பாதிக்கப்படும் ரகம் என்கிறோம். மானாவாரிச் சோளத்தில் இதற்கு ஒரு முக்கியக் காரணம், இளம் இலையிலுள்ள துரின் என்ற பொருளின் அளவு. இலை முழுசாக இருக்கும்வரை துரினும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கும். கடித்ததும் இரண்டும் கலந்து சயனைடு கிளம்பும். வெங்காயத்தை நறுக்கினால்தான் கண் எரிகிறது, அதுபோல. ஒரு கடியோடு பூச்சி விலகிவிடும். துரின் குறைந்த ரகத்துக்கு இந்தக் காவல் இல்லை. பயிர் முற்ற முற்ற மற்ற ரகங்களிலும் இது குறைந்துவிடும். (வாடிய இளஞ்சோளம் மேய்ந்த ஆடுமாடுகள் சாவதும் இதே நஞ்சால்தான், தயவுசெய்து மேயவிடாதீர்கள்.)

‘எதிர்ப்பு ரகத்தை வெட்டுக்கிளி தொடாது’ என்பது தவறு: பாலைவன வெட்டுக்கிளி ஒன்று தினமும் தன் எடையளவு, சுமார் 2 கிராம் தின்னும், பசித்த கூட்டம் இறங்கினால் அந்த ரகமும் தப்பாது.