9,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் ஹெலிகாப்டர், வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார், காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். பத்தாவது படிக்கும் என் பையன் ரிமோட் ஹெலிகாப்டர் கேட்டு ஒரு மாதமாக நச்சரிக்கிறான். தெரிந்தவர் ஒருவர் 450 சைஸ் ஹெலியை ரிமோட், 2 பேட்டரியோடு 9,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். மொட்டை மாடியில் பறக்கவிட்டால் ஆபத்து இருக்குமா?

பதில்: மொட்டை மாடி வேண்டவே வேண்டாம், இந்த ஹெலியும் இப்போதைக்கு வேண்டாம். 450 சைஸில் மேல் விசிறி ஏறக்குறைய 70 செ.மீ. அகலம், நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று வைத்துக்கொண்டாலும் பிளேடு நுனி மணிக்கு 330 கி.மீ. வேகத்தில் வருகிறது, அதுவும் பெரும்பாலும் கார்பன் ஃபைபர். என் நண்பர் ஒருவர் பிளேடைக் கழற்றாமல் மேசையில் வைத்து செட்டிங் பார்த்தார். மோட்டார் திடீரென ஓடியதில் கட்டை விரலில் 6 தையல். அன்றிலிருந்து நான் மோட்டார் வயரைப் பிடுங்காமல் செட்டிங்கில் கை வைப்பதில்லை.

பையனுக்கு முதலில் 100 கிராமுக்குள் வரும் பிளாஸ்டிக் பிளேடு ஹெலி வாங்கிக்கொடுங்கள், கூடவே கம்ப்யூட்டரில் ஹெலி ஓட்டிப் பழகும் சிமுலேட்டர். ஹெலியின் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடம் வலமாகிவிடும், புதிதாக ஓட்டுகிறவர்கள் அங்கேதான் தடுமாறி விழ வைப்பார்கள். அது விரலுக்குப் பழகிய பிறகு 450 பற்றிப் பேசலாம்.

அப்போதும் பழசுதான் என்றால், பிளேடைக் கழற்றி வெயிலில் பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். போல்ட் ஓட்டைப் பக்கம் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அந்த பிளேடு குப்பைக்குத்தான். மெயின் ஷாஃப்டை, அதாவது மேல் விசிறியைத் தாங்கும் நடுத் தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், அதன் தலை ஆடினால் எங்கோ விழுந்து வளைந்த ஹெலி. பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், இதில் வரும் லைப்போ என்ற லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சட்டென்று அணையாது. நம்ம வேலூர் மே மாத வெயிலில் வண்டி டிக்கியில் வைத்துவிட்டுப் போனால் நல்ல பேட்டரியும் உப்பிவிடும். சார்ஜ் போடுவது டைல்ஸ் தரையில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது.

இடத்துக்கு, வறண்டு கிடக்கும் பாலாற்றில் காலை 6 மணிக்கு, கிரிக்கெட் பசங்க வருவதற்கு முன் போங்கள். மணல் பல் சக்கரத்தில் ஏறும், அதனால் ஒரு பிளைவுட் பலகை போட்டு அதன் மேலிருந்து கிளப்புங்கள். கரண்ட் கம்பி அருகில் கூடாது. அப்துல்லாபுரம் விமான நிலையப் பக்கம் போகவே வேண்டாம், மற்ற இடங்களுக்கும் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை மேப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, ரிமோட்டை முதலில் ஆன் செய்து மோட்டார் ஓடாமல் தடுக்கும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைப் போட்ட பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும், பத்து பதினைந்து அடி தள்ளி நின்ற பிறகுதான் ஹோல்டை எடுக்க வேண்டும். இறக்கியதும் மறுபடி ஹோல்ட், விசிறி முழுதாக நின்ற பிறகு பேட்டரியைக் கழற்றி, கடைசியில் ரிமோட் ஆஃப்.