மறு: 6÷2(1+2) என்றால் 1 ஆ, 9 ஆ?

தம்பி, கல்முனையில் ஓ/எல் (சாதாரண தர) பிள்ளைகளுக்குச் செய்யும் செயலியில் 6÷2(1+2) போட்டால் 9 வருகிறது, ஒரு பிள்ளையின் கல்குலேட்டர் 1 காட்டுகிறது, பைதன் நிரலில் எங்கே பிழை என்று கேட்டிருந்தீர்கள். பிழை உங்களுடையதல்ல. எழுதிய விதமே இரண்டு மாதிரி வாசிக்க இடம் விடுகிறது. குறி போடாமல் ஒட்டி எழுதிய பெருக்கலை முதலில் செய்வதா (1 வரும்), இடமிருந்து வலமாகப் போவதா (9 வரும்) என்பதில் கல்குலேட்டர் செய்பவர்களே ஒத்துப்போகவில்லை. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ-82 கல்குலேட்டரில் ஒட்டி எழுதிய பெருக்கலுக்கு முன்னுரிமை கொடுத்தது, டிஐ-83 இல் எடுத்துவிட்டது.

வெறும் பைதன் என்றால் 2 ஐச் சார்பு என்று நினைத்துப் பிழை சொல்லி நின்றிருக்கும். நீங்கள் சிம்பையில் (பைதனுக்கான கணித நூலகம்) இம்ப்ளிசிட் மல்டிப்ளிகேஷனை, அதாவது குறி இல்லாத பெருக்கலை வாசிக்கும் வசதியை, போட்டிருப்பீர்கள் போல. அது இடையில் பெருக்கல் குறியைச் செருகிவிட்டு இடமிருந்து வலமாகப் போகும். 1/2எக்ஸ் கொடுத்துப் பாருங்கள், எக்ஸில் பாதிதான் வரும், பிள்ளை நினைத்தது பின்னக் கோட்டுக்குக் கீழே, பகுதியில், 2எக்ஸ் ஆக இருக்கலாம்.

ஊகிக்க வேண்டாம். நிரல் விளங்கிக்கொண்டதைக் கோடு போட்ட பின்னமாகத் திரையில் காட்டி, 'இதுதானா?' என்று கேளுங்கள். நான் களுவாஞ்சிக்குடியில் பின்னேர வகுப்பு எடுக்கிறேன், பலகையில் ÷ போடுவதே இல்லை, அதனால் இந்தச் சண்டையும் இல்லை.

அப்புறம் சைன்⁻¹ ஐயும் கவனியுங்கள். சைன்² வர்க்கம், ஆனால் சைன்⁻¹ நேர்மாறுச் சார்பு. ஒரே விதியை இரண்டுக்கும் எழுதினால் மாட்டுவீர்கள்.