லாரியா, கொட்டாங்குச்சியா?

கேள்வி: எனக்குப் பார்த்திருக்கும் பெண் கல்லூரியில் படிக்கும்போது ஒருவரை விரும்பியதாகக் கேள்விப்பட்டேன். அவளுடைய கடந்த காலத்தைத் தோண்டிப் பார்ப்பது தப்பா?
- குடியாத்தம் வாசகர்

பதில்: தோண்டுவதைப் பற்றிப் பாலாற்றங்கரைக்காரனிடமா கேட்கிறீர்கள் தம்பி? சின்ன வயதில், கோடையில், ஆற்று மணலில் முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே பள்ளம் பறிப்போம். முதலில் கலங்கல்தான் வரும். அதைக் கொட்டாங்குச்சியால் இறைத்துக் கொட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால், கொஞ்ச நேரத்தில் தெளிந்த தண்ணீர் ஊறும். அப்புறம் லாரியோடு வந்தவர்களும் தோண்டினார்கள். பள்ளம் இருக்கிறது, ஊற்றைக் காணோம். (மணலை இழுக்காமல் ஒரு பதிலாவது எழுதக் கூடாதா என்று எங்கள் பிழை திருத்துபவர் முணுமுணுக்கிறார். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஓடியவர் அவர்தான்!)

தரகரிடமும் தோழியின் அண்ணனிடமும் துருவித் துருவி விசாரிப்பது லாரி வேலை. அந்தப் பெண்ணிடமே நேரில் கேட்டுவிட்டு, முதலில் வரும் கலங்கலைப் பார்த்து எழுந்து ஓடாமல் இருக்க முடியுமா? அதற்குக் கொட்டாங்குச்சி போதும்.

சரி, எதையுமே கேட்க வேண்டாமா? அடைக்காத கடன், மறைத்த நோய் எல்லாம் கல்யாணத்தன்று உங்களோடு பந்தியில் உட்காரப் போகிறவை. கேளுங்கள், உங்களுடையதையும் சொல்லுங்கள். விவாகரத்து ஆகாத முதல் துணை உயிரோடு இருந்தால் அடுத்த கல்யாணம் செல்லாது என்கிறது 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டம். பழைய காதலைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

பெண் வீட்டுக் கடந்த காலம் ஒன்றுவிடாமல் தெரிந்து நடந்த கல்யாணம் நம்ம வேலூர்க் கோட்டையிலேயே உண்டு. 1806 ஜூலை 9, திப்பு சுல்தான் மகளுக்கு. பெண்ணின் அப்பா 1799இல் யாரோடு போரிட்டு மடிந்தார் என்பது கோட்டையில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மனப்பாடம். விடிவதற்குள் தங்கள் சிப்பாய்களே துப்பாக்கியைத் திருப்பப் போகிறார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

அது போகட்டும். நீங்கள் கல்லூரியில் படித்த நாட்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லையே, கார்டில் இடம் போதவில்லையா? அடுத்த இதழில் அரைப் பக்கம் ஒதுக்கி வைக்கிறேன், எழுதி அனுப்புங்கள்.