வேளச்சேரியில் 31 மி.மீ., டிவியில் 6 செ.மீ.: பெண் அளந்தது தப்பா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. புராஜெக்டுக்காக ஒரு மாதம் வீட்டில் மழை அளந்து எழுத வேண்டும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை வெட்டி மொட்டை மாடியில் வைத்து, பள்ளி விட்டு வந்ததும் சாயங்காலம் 5 மணிக்கு அளக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை 31 மி.மீ. என்று எழுதினாள். அன்று டிவியில் நுங்கம்பாக்கத்தில் 6 செ.மீ. என்றார்கள். ஆசிரியர் "தப்பு, மாற்றி எழுது" என்கிறார். 4,500 ரூபாய்க்கு டிஜிட்டல் மழைமானி வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (வேளச்சேரி வாசகி)

வாங்காதீர்கள். அந்த 31-ஐ அழிக்கவும் விடாதீர்கள். அழித்துவிட்டு 60 என்று எழுதினால் அது அவள் அளந்த மழை இல்லை, யாரோ சொன்ன எண்.

வித்தியாசம் வந்ததற்கு முதல் காரணம் நேரம். வானிலை ஆய்வு மையத்துக்கு ஒரு நாள் என்பது நள்ளிரவில் ஆரம்பிப்பதில்லை, காலை 8.30-க்கு ஆரம்பிக்கிறது. செவ்வாய்க்கிழமை மழை என்று டிவியில் சொன்னது திங்கள் காலை 8.30 முதல் செவ்வாய் காலை 8.30 வரை பெய்தது. உங்கள் பெண் அளந்ததோ திங்கள் சாயங்காலம் 5 முதல் செவ்வாய் சாயங்காலம் 5 வரை. திங்கள் பகலில் கொட்டியதெல்லாம் அவள் நோட்டில் திங்கட்கிழமைக்குப் போயிருக்கும், டிவிக்காரர்களுக்கு அது செவ்வாய். இரண்டும் வேறு வேறு 24 மணி நேரம், அப்புறம் எப்படி ஒத்துப்போகும்?

அடுத்தது இடம். 2015 வெள்ளத்தை நாம் எல்லோரும் டிசம்பர் 1 மழை என்று சொல்கிறோம், ஆனால் பதிவேட்டில் அது டிசம்பர் 2 காலை 8.30-ல் முடிந்த மழை. அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. நடுவில் சுமார் 20 கிலோமீட்டர்தான். நகரமே முழுகிய நாளிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், கடலிலிருந்து ஒற்றை மேகக் கூட்டம் வந்து நாலு தெருவை நனைத்துவிட்டுப் போகிற சாதாரண நாளில் வேளச்சேரியும் நுங்கம்பாக்கமும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் உங்களுக்குப் பக்கம் மீனம்பாக்கம், அந்த எண்ணைப் பாருங்கள். செய்தியில் வரும் 6 செ.மீ.கூட முழு எண்ணாக்கிச் சொல்வது, உள்ளே 57-ம் இருக்கலாம், 63-ம் இருக்கலாம்.

இப்போது பாட்டில். அகலமான பாத்திரம் வைத்தால் அதிக மழை காட்டும் என்று பல பெரியவர்களே நம்புகிறார்கள். அகலம் கூடினால் விழும் தண்ணீர் கூடும், ஆனால் அது பரவி நிற்கும் இடமும் அதே அளவு கூடும், அதனால் உயரம் மாறாது. ஒரே நிபந்தனை, வாயிலிருந்து அடிவரை ஒரே அகலம் வேண்டும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும், ஆகவே நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள், ஒவ்வொரு முறை கொட்டிய பிறகும் அந்தக் கோடுவரை நிரப்புங்கள். உங்கள் பெண் இதைச் செய்தாளா என்று கடிதத்தில் இல்லை. செய்யாவிட்டால் அளவு கொஞ்சம் முன்பின்னாகத்தான் வந்திருக்கும். மாடியில் கைப்பிடிச் சுவர், தண்ணீர் டேங்க் இரண்டிலிருந்தும் தள்ளி, அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் வையுங்கள். சுற்றி நாலு செங்கல் முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் சாய்ந்துவிடும். பால்கனி, சன்ஷேட் ஓரம், ஏசி தண்ணீர் சொட்டும் இடம் எதுவும் ஆகாது.

அந்த டிஜிட்டல் கருவியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். உள்ளே சின்னதாக ஒரு சாய்வுக் கிண்ணம் இருக்கும், நிரம்பியதும் சாயும், எத்தனை தடவை சாய்ந்தது என்று எண்ணி மழையைச் சொல்லும். தானியங்கி வானிலை நிலையங்களில் இருப்பதும் இந்த முறைதான், ஆனால் அங்கே அதைச் சுத்தம் செய்து சரிபார்க்க ஆள் வேண்டும். சென்னை மாடித் தூசியும் எறும்பும் உள்ளே போனால் கிண்ணம் நின்றுவிடும், அடைமழையிலோ எண்ணிக்கை குறைந்துபோகும். 'அரசு அங்கீகாரம்' என்று ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டுவார்கள். எட்டாம் வகுப்பு நோட்டுக்கு எந்த அங்கீகாரமும் தேவையில்லை. இதைவிட மோசம், மழை அட்டவணையை ஒரு மாதத்துக்கு நிரப்பி, கிராப் போட்டு, தெர்மாகோல் மேகத்தோடு ரெடிமேடாக விற்பவர்கள். வாங்கிப் போகிற பிள்ளைக்கு முழு மார்க்கும் விழுந்துவிடுகிறது, தினமும் நனைந்துகொண்டு மாடி ஏறின பிள்ளைக்கு 'தப்பு'. புராஜெக்ட் என்று ஒன்றை வைத்துவிட்டு விடையை டிவியில் சரிபார்க்கச் சொன்னால் பிள்ளைகள் கடைக்குப் போகாமல் வேறு எங்கே போவார்கள்?

சரி, இனி காலை 8.30-க்கு அளக்கட்டும். பள்ளி நாளில் அவள் அப்போது வீட்டில் இருக்க மாட்டாள், நீங்களோ வீட்டில் இருக்கும் வேறு யாராவதோ பார்த்துச் சொல்லலாம். யாருமே இல்லையென்றால் 7 மணிக்கு அவளே அளக்கட்டும், தினமும் அதே 7. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் இடிமழை பெரும்பாலும் சாயங்காலமோ ராத்திரியோதான், 7-க்கும் 8.30-க்கும் வித்தியாசம் வருவது அபூர்வம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்த பிறகு அப்படி இல்லை. கடலோரத்தில் விடிகாலையில்தான் பலமாகப் பிடிக்கும், 6 மணிக்குத் தொடங்கி 9 வரைகூட அடிக்கும். அந்த மழையை உங்கள் 7 மணிக் கணக்கு இரண்டாக வெட்டிவிடும், 7-க்கு மேல் பெய்தது அவளுக்கு மறுநாள் தேதியில் சேரும், ஆய்வு மையத்துக்கு அதில் 8.30 வரை பெய்தது அன்றைய தேதியிலேயே நிற்கும். எனவே 7 மணிக்கு மழை பெய்துகொண்டிருந்தால் குறிப்புக் கட்டத்தில் 'அளக்கும்போது மழை தொடர்கிறது' என்று எழுதச் சொல்லுங்கள். அந்த நாளையும் அடுத்த நாளையும் தனித்தனியாக ஒப்பிடக் கூடாது, இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். ராத்திரி பாட்டில் நிரம்புகிற மாதிரி இருந்தால் நடுவில் ஒருமுறை அளந்து, எழுதி, கொட்டிவிட்டுக் காலை அளவோடு கூட்டிக்கொள்ளலாம்.

இதுவரை எழுதிய கணக்கை வீணாக்க வேண்டாம். அந்தப் பக்கத்தின் தலைப்பில் 'மாலை 5 மணி அளவு' என்று எழுதி, ஒரு கோடு போட்டு, கீழே புதிய நேரத்தைக் குறித்துத் தொடரட்டும். நேரம் மாறுகிற அன்று மட்டும் முந்தின சாயங்காலத்திலிருந்து காலை வரைதான் கணக்கு, அதையும் குறித்துவிடுங்கள். மாதக் கடைசியில் தினசரி எண்களை விட்டுவிட்டு, மொத்தத்தைக் கூட்டி மீனம்பாக்கத்தின் மாத மொத்தத்தோடு வைத்துப் பாருங்கள். நேரக் கணக்கால் வரும் குழப்பம் மொத்தத்தில் ஏறக்குறைய கரைந்துவிடும், மிச்சமிருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இடத்தாலும் பாட்டிலாலும் வருவது. அதற்கான காரணத்தை அவள் தன் வார்த்தையில் நாலு வரி எழுதட்டும், ஆசிரியர் கேட்டால் அந்த நாலு வரியைக் காட்டட்டும்.