வாசகர் கேள்வி-பதில்: பாரிஸில் ஒரு ஜப்பானியச் சமையலறை

கேள்வி: ஜப்பானில் சமையல்காரர் ஆக உரிமம் கட்டாயமா?

பதில்: உணவகத்தில் சமைக்க உரிமம் தேவையில்லை. 'சோரிஷி' என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளத்தான் அது வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் குறைந்தது ஓராண்டு படித்தால் பெறலாம். இல்லையென்றால், இரண்டு ஆண்டு சமையலறையில் வேலை பார்த்துவிட்டு அரசுத் தேர்வு எழுதலாம். நச்சுள்ள ஃபுகு மீனைக் கையாளத் தனித் தகுதி வேண்டும். மரபான உணவகங்களில் எடுபிடி வேலையில் தொடங்கி, சுடும் அடுப்பு, வேகவைக்கும் அடுப்பு என்று ஏறித்தான் பச்சை மீன் வெட்டும் பலகைக்கு வருவார்கள். வெளிநாடு போகும் எண்ணமிருந்தால் வேகவைக்கும் அடுப்பில் கூடுதல் காலம் நிற்பது நல்லது. ஊர் மாறினால் முதலில் கெடுவது அங்கே காய்ச்சும் தாஷிதான், அதாவது ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு.

கேள்வி: பாரிஸில் அதே கொம்பு (கடற்பாசி வகை), அதே அளவு போட்டும் தாஷியில் சுவை இறங்கவில்லை. ஏன்?

பதில்: தண்ணீர்தான் காரணம். ஜப்பானில் பெரும்பாலும் மென்னீர். பாரிஸ் குழாயில் வருவது கால்சியம் மிகுந்த கடின நீர். கால்சியம் கொம்புப் பாசியிலுள்ள ஆல்ஜினேட் என்ற வழவழப்பான பொருளோடு சேர்ந்து இறுகுவதால் சுவை வெளியே வரத் தடையாகிறது. கொம்பை அதிகமாகப் போட்டு ஈடுகட்டப் பார்க்காதீர்கள், செலவுதான் கூடும். தலைகீழ் சவ்வூடுபரவல் (RO) வடிகட்டி பொருத்துங்கள், அல்லது வோல்விக் போன்ற மென்மையான புட்டித் தண்ணீரை எடுங்கள். ஒரு லிட்டருக்கு 10 கிராம் கொம்பு; 60 டிகிரியில் ஒரு மணி நேரம். கொதித்தால் வழவழப்பும் கடல்வாடையும் ஏறிவிடும். கொம்பை எடுத்துவிட்டு 85 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து 30 கிராம் கட்சுவோபுஷி (புகையூட்டி உலர்த்திய சூரை மீன்) சீவலைப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள்; பிழியக் கூடாது, பிழிந்தால் கசப்பும் கலங்கலும் வரும். சீவலை ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைக்குமுன் விசாரியுங்கள்: புகையால் படியும் பென்சோபைரீன் என்ற நச்சுப்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு உண்டு.

கேள்வி: கானாங்கெளுத்தியை உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் உறையவைக்காமலே பரிமாறலாமா?

பதில்: கூடாது. மீனில் இருக்கும் ஒட்டுண்ணியான அனிசாகிஸ் புழு அந்த உப்புக்கும் வினிகருக்கும் சாகாது. பச்சையாகப் பரிமாறும் கடல்மீனுக்கு ஐரோப்பிய விதி: மீனின் எல்லாப் பகுதியும் மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம், அல்லது மைனஸ் 35-இல் 15 மணி நேரம் இருக்க வேண்டும். பெட்டி காட்டும் எண்ணை நம்பாமல், சதையின் நடுவில் வெப்பமானி குத்திப் பாருங்கள். மைனஸ் 18-இல் ஓடும் சாதாரண உறைபெட்டி போதாது. மெல்ல உறைந்தால் பனிப்படிகம் பெரிதாகிச் சதையைக் கிழிக்கும். உருகும்போது நீர் வடிந்து மீன் தளர்ந்துபோகும். முடிந்தால் அதிவேக உறைபெட்டியே வாங்குங்கள். உருக்குவதைக் குளிர்பெட்டியில், உறிஞ்சுதாளில் சுற்றி, இரவு முழுக்கச் செய்யுங்கள். தேதி, நேரம், வெப்பநிலை மூன்றையும் ஏட்டில் எழுதிவையுங்கள். சோதனைக்கு வருபவர் அதைத்தான் கேட்பார்.

கேள்வி: சஷிமிக்கு (பச்சை மீன் துண்டுகள்) விலை எப்படிப் போடுவது?

பதில்: வாங்கிய விலையில் அல்ல, தேறும் சதையின் விலையில். கிலோ 20 யூரோவுக்கு வாங்கிய முழு மீனில் தலை, முள், தோல் போக 45 சதவீதம் தேறினால், சதை கிலோ ஏறக்குறைய 44 யூரோ. ஒரு தட்டுக்கு 80 கிராம் என்றால் மீனுக்கு மட்டும் ஏறக்குறைய 3.55 யூரோ ஆகிவிடுகிறது.