எண்ணெய் பூசினால் கிழியும், தம்பி

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயது, மனைவிக்கு 25. கலியாணமாகி ஆறு மாதம். வெள்ளவத்தையில் அம்மா அப்பாவோடு இருக்கிறோம். மனைவியின் படிப்பு முடியும்வரை பிள்ளை வேண்டாம் என்று ஆணுறை பாவிக்கிறோம். தேங்காயெண்ணெய் பூசித்தான் பாவித்தோம், அப்படியிருந்தும் போன மாதம் ஒன்று கிழிந்துவிட்டது. மாதவிடாய் வரும்வரை இருவருக்கும் நித்திரையில்லை. இதை நம்பலாமா? பக்கத்துப் பாமசிக்காரருக்கு அப்பாவைத் தெரியும், கேட்கவே கூச்சம். வாங்கியதைப் பேர்ஸில்தான் ஒளித்து வைக்கிறேன்.

பதில்: தம்பி, 'அப்படியிருந்தும்' இல்லை, அதனால்தான் கிழிந்தது. பெரும்பாலான ஆணுறைகள் இறப்பர் பாலில் செய்தவை. எண்ணெய் பட்டால் சில நிமிடத்திலேயே இறப்பர் பலமிழந்துவிடும். வசலின், பேபி ஒயில் எல்லாம் அப்படித்தான். வழுவழுப்பு வேண்டுமென்றால் தண்ணீர் கலந்து செய்த ஜெல் என்று கேட்டு வாங்குங்கள். பேர்ஸும் சரியான இடமில்லை. கொழும்பு வெயிலில், பின் பொக்கெட்டில், நாள் முழுக்க அதன்மேல் உட்கார்ந்தால் எது தாங்கும்? அலுமாரியில் உடுப்புக்கு அடியில் வையுங்கள்.

பாவிக்கும்போது முதலில் திகதியைப் பாருங்கள். வெளிப் பக்கெற்றைப் பல்லால் கடிக்காமல் விரலால் கிழியுங்கள். நுனியைக் கிள்ளிப் பிடித்து, காற்றில்லாமல் அடிவரை உருட்டி விடுங்கள். பிழையான பக்கம் வைத்துவிட்டால் திருப்பிப் போடாமல் புதிதாக ஒன்றை எடுங்கள். முடிந்ததும் விறைப்பு குறைய முன், அடி வளையத்தைப் பிடித்தபடி விலகுங்கள்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் பாவித்தால், ஒரு வருடத்தில் 100 பெண்களில் 2 பேர் மட்டும் கர்ப்பமாவார்கள். நடைமுறையில் அது 13. 'இன்றைக்கு மட்டும் பரவாயில்லை' என்று விடுவதும் பாதியில் போடுவதும்தான் அந்த வித்தியாசம். 13 என்பது பயமாக இருந்தால், உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் இருவரும் போய் வேறு முறைகளையும் கேளுங்கள். இனிமேல் கிழிந்தால் நித்திரை முழிக்க வேண்டாம். அவசர கருத்தடை மாத்திரை இருக்கிறது, 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லது. அதை மாதாமாதம் பாவிக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

கலியாணத்துக்கு முந்தைய கதையை நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஏதாவது சந்தேகம் இருந்தால் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள அரச பாலியல் நோய்க் கிளினிக்கில் இலவசமாக, இரகசியமாகப் பரிசோதிப்பார்கள்.

கூச்சமா? 'பிரீத்தி' ஆணுறை 1973 முதல் இந்த நாட்டில் விற்கிறது. பாமசிக்காரர் உங்கள் வயதில் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! அப்படியும் முடியாவிட்டால் 101 பஸ்ஸில் ஏறி பம்பலப்பிட்டியில் வாங்குங்கள்.

பேர்ஸில் இருப்பதை இன்றைக்கே கடதாசியில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கொமட்டில் மட்டும் போட வேண்டாம். குழாய் அடைத்து பிளம்பர் வந்தால், பாமசிக்காரர் சொல்லாததை அவர் அப்பாவிடம் சொல்லிவிடுவார்.